காதால் போர்த்திய முயல்

நடுராத்திரி, பன்னிரண்டு மணி, தூரத்தில் நாய் ஊளை... இதையெல்லாம் எதிர்பார்த்து உட்கார்ந்தீர்கள் என்றால் ஏமாந்து போவீர்கள். எனக்கு நடந்தது எல்லாமே சாயங்காலம் நாலு மணிக்கும் ஆறரை மணிக்கும் நடுவில். தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது. பக்கத்து வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் எனக்குக் கை கால் உதறியது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வாயாடி, முன்கோபி, கறார்ப் பேர்வழி என்றெல்லாம் எனக்குப் பட்டப்பெயர் உண்டு. பயந்தாங்கொள்ளி என்று யாரும் சொன்னதில்லை. பேய்க் கதை சொல்கிறவர்களை முகத்துக்கு நேராகவே கேலி செய்திருக்கிறேன். இன்று நானே சொல்ல உட்கார்ந்திருக்கிறேன், என்ன செய்ய. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். தேதியும் மணியும் அன்றன்றே ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

என் தொழில் மண் பொம்மை. பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். கட்டைவிரல் உயரம்தான் இருக்கும், எல்லாம் விலங்குகள். மழைக்காலத்துக்குத் தவளை, நத்தை. வெயிலுக்கு ஆமை, குருவி. குளிருக்கு நரி, ஆந்தை, அணில், முள்ளெலி. ஜன்னல் விளிம்பில், அலமாரித் தட்டில் அடுக்கி வைக்க வாங்குவார்கள். காலம் மாறினால் பழையதை டப்பாவில் போட்டுவிட்டுப் புதியதை எடுத்து வைப்பார்கள். அதனால் எங்கள் வீட்டில் எப்போதும் ஒரு காலம் முன்னதாகவே வந்துவிடும். ஊரே விசிறிக்கொண்டிருக்கும்போது நாங்கள் குளிருக்கு நரி பிடித்துக்கொண்டிருப்போம்.

நாங்கள் என்றால் நானும் என் தங்கையும். வீட்டில் அவள் சின்னவள். முப்பத்தாறு வயதாகியும் சின்னவள்தான். இரண்டு தெரு தள்ளி அவள் வீடு. வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஒரே மகள், ஏழு வயது. பிறந்தபோது அவ்வளவு குட்டியாக இருந்ததால் பட்டாணி என்று நான்தான் பெயர் வைத்தேன், அதுவே நிலைத்துவிட்டது.

என் வீட்டின் பின்னறைதான் பட்டறை. நீள மேசை, ஜன்னலோரம் சின்னவளின் முக்காலி, சுவர் முழுக்கப் பொம்மை காயவைக்கும் தட்டுகள், மூலையில் கரண்ட் சூளை. பட்டாணியைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்து சாப்பிட வைத்துவிட்டு, சரியாக நாலு மணிக்கு வந்து உட்காருவாள். ஏழு மணிவரை கை ஓயாது.

மண்ணை அறுக்க ஒரு கம்பி வைத்திருக்கிறோம். இழுத்தால் நறுக்கென்று நேராக வரும். அவள் அதைத் தொட்டதே இல்லை. கையை மூட்டைக்குள் விட்டு, முறுக்கிப் பிய்த்து எடுப்பாள்.

"கம்பி எதுக்குடி தொங்குது? அழகுக்கா?"

"அதுக்கும் ஓய்வு வேணாமாக்கா?"

இப்படித்தான் பதில் வரும். ஒரு நாளும் என் பேச்சைக் கேட்டதில்லை.

உருவம் முடிந்ததும் அடிப்பக்கத்தில் கட்டைவிரலால் ஓர் அழுத்து. அடி கொஞ்சம் குழிந்தால்தான் பொம்மை ஆடாமல் நிற்கும். அந்த அழுத்தில் ரேகை பதிந்துவிடும். சுட்ட பிறகு அது அழியவே அழியாது. சின்னவளின் வலது கட்டைவிரலில் ஒரு தழும்பு, பதினோரு வயதில் தகரத்தில் கிழித்துக்கொண்டது. ரேகைக்குக் குறுக்கே சாய்வாக ஓடும். அவள் செய்த பொம்மை எதைத் திருப்பினாலும் அந்தச் சாய்கோடு இருக்கும். கடைசியாகப் பொம்மையைப் பலகையில் வைத்து இரண்டு தட்டு தட்டுவாள். டக்... டக்... சரியாக உட்கார்ந்துவிட்டது, வேலை முடிந்தது என்று அதற்கு அர்த்தம்.

ஒவ்வொரு காலத்துக்கும் பட்டாணிக்கென்று தனியாக ஒன்று செய்துகொடுப்பாள். கடையில் கிடைக்காத ஒன்று. போன மழைக்குக் குடை பிடித்த நத்தை. இந்தக் குளிருக்கு என்ன என்று பட்டாணி ஒரு மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு தாய் முயல். பக்கத்துல குட்டி. அம்மா தன்னோட நீளக் காதை எடுத்து குட்டி மேல போர்த்திவிட்டிருக்கும். போதுமா?"

பட்டாணிக்கு அன்றைக்குத் தூக்கமே வரவில்லையாம்.

மூன்றாம் தேதி, திங்கட்கிழமை, மதியம் இரண்டு பத்துக்குச் சின்னவள் போன் செய்தாள்.

"அக்கா, காய்ச்சலா இருக்கு. இருமல் வேற. இன்னிக்கு வரலைன்னா பரவாயில்லையா?"

குளிர்கால ஆர்டர் பாதியில் நின்றது. கடைக்காரம்மா வெள்ளிக்கிழமை வந்து நிற்பாள். எனக்கு எரிச்சல்.

"நான் ஒருத்தி என்னத்தடி பண்ணுவேன்? ஒரு மாத்திரையைப் போட்டுக்கிட்டு வா."

வந்தாள். நாலு மணிக்கு. சால்வையைச் சுற்றிக்கொண்டு, இருமி இருமி, மூட்டையில் மிச்சமிருந்த மண்ணையெல்லாம் நரியாகவும் ஆந்தையாகவும் பிடித்து முடித்தாள். ஏழு மணிக்கு எழுந்தபோது முகம் சிவந்திருந்தது. நெற்றியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை நான்.

"மண்ணு தீந்துபோச்சுக்கா. முயல் மட்டும் பாக்கி. புது மண்ணு வந்ததும் செஞ்சுடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் மருத்துவமனை. நுரையீரலில் சளி கட்டிவிட்டது என்றார்கள். மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க், பேச முடியவில்லை. ஒன்பதாம் தேதி, விடிகாலை ஐந்து இருபதுக்குப் போய்விட்டாள். பத்தாம் தேதி மண்ணில் வைத்துவிட்டு வந்தோம்.

"ஒரே நாள்ல வந்த நோய் இல்லைங்க. நீங்க மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க" என்றார் டாக்டர். அவருக்கு என்ன தெரியும்? அந்தப் போனில் பேசியது நான்தானே. சாப்பிட உட்கார்ந்தால் அது கேட்கும். குளித்தால் கேட்கும். மாத்திரையைப் போட்டுக்கிட்டு வா. மாத்திரையைப் போட்டுக்கிட்டு வா.

பின்னறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். கடைக்காரம்மா நல்லவள், ஒரு மாதம் தவணை கொடுத்தாள்.

இருபத்தொன்றாம் தேதி சின்னவளின் வீட்டுக்காரர் வந்தார். பத்து நாளில் பாதியாகியிருந்தார்.

"வேற ஊருக்கு மாத்திட்டாங்கக்கா. முப்பதாம் தேதி ஞாயித்துக்கிழமை கெளம்பணும்."

"குழந்தை?"

"அங்க எங்க அக்கா இருக்கா, பாத்துக்குவா. ஆனா இவ வரமாட்டேங்குறா. சாப்பாடும் எறங்க மாட்டேங்குது. மூணு நாளா வெறும் பால்தான்."

பட்டாணியிடம் போய் உட்கார்ந்தேன். ஜன்னல் விளிம்பில் நத்தைக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டுத் துடைத்து வைத்திருந்தாள்.

"நாங்க வேற ஊருக்குப் போயிட்டா, அம்மா முயலை எங்க கொண்டுவந்து குடுப்பாங்க பெரியம்மா?"

அவள் தலையை வருடிவிட்டு எழுந்து வந்தேன். அன்று தீர்மானித்தேன். சின்னவளைத்தான் என்னால் திருப்பித் தர முடியாது, முயலையாவது தரவேண்டும். அதைக்கூடச் செய்யாவிட்டால் நான் மனுஷியே இல்லை.

இருபத்திரண்டாம் தேதி மண்காரர் மூன்று மூட்டை கொண்டுவந்து இறக்கினார்.

"லேட்டாயிடுச்சும்மா. பழைய எடத்துல மண்ணு தீந்துபோச்சு. இது புது எடம். பாக்க அதே சாம்பல் நிறம்தான். ஆனா சுட்டா செவப்பு வராது, பால் மாதிரி வெளுத்து வரும். கடைக்காரங்ககிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க."

இரண்டு வாரத்துக்குப் பிறகு பின்னறைப் பூட்டைத் திறந்தேன். ஒரு மூட்டையைப் பிரித்து, கம்பியால் ஒரு துண்டு அறுத்து, முயல் செய்தேன். ஈரத்துணியால் மூட்டையை மூடினேன். சுடுவதற்கு முன்னாலேயே, அரைகுறையாகக் காய்ந்ததை மறுநாள் பட்டாணியிடம் கொண்டுபோனேன்.

அவள் முயலின் முகத்தைப் பார்க்கவில்லை. காதைப் பார்க்கவில்லை. நேராகக் கவிழ்த்து அடியைப் பார்த்தாள்.

"இது நீ, பெரியம்மா" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

இனி நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இருபத்துநாலாம் தேதி, திங்கட்கிழமை, மதியம் ஒரு மணிக்கு இன்னொரு முயல் செய்தேன். அடியில் என் கட்டைவிரலை அழுத்தினேன். ஊசியால் ரேகைக்குக் குறுக்கே ஒரு சாய்கோடு கீறினேன். குழந்தையை ஏமாற்றத்தான், வேறெதற்கு. கதவைப் பூட்டிவிட்டு முன்னறையில் வந்து படுத்தேன்.

நாலு பன்னிரண்டுக்கு அந்தச் சத்தம் கேட்டது.

டக்... டக்...

பின்னறையிலிருந்து வந்தது. எழுந்து உட்கார்ந்தேன். மேலே எலி ஓடியிருக்கும். மூட்டை சரிந்திருக்கும். எனக்கு நானே பத்துக் காரணம் சொல்லிக்கொண்டேன். ஆனால் போய்ப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்று அப்போது யோசிக்கவும் இல்லை.

மறுநாள் மூன்று மணிக்குக் கள்ள முயலோடு போனேன். பட்டாணி கவிழ்த்துப் பார்த்தாள். அவள் முகம் ஒரு நொடி மலர்ந்ததைப் பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன். பிறகு எழுந்துபோய் நத்தையை எடுத்துவந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள்.

"அம்மா கோடு இந்தப் பக்கம் சாயும். இது அந்தப் பக்கம் சாயுது."

விரலில் இருப்பது மண்ணில் பதியும்போது இடம் வலமாகும். இருபது வருஷமாக மண்ணில் விரல் பதித்துப் பிழைக்கிறவளுக்கு இது தெரியாதா? ஆனால் கோடு கீறும்போது என் கண்ணுக்குள் இருந்தது அவள் விரல். விரலில் இருந்தபடியே கீறிவிட்டேன்.

"பெரியம்மா, நீ பொய்யா செஞ்சியா?"

அவள் கோபப்படவில்லை, அழவும் இல்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள். நான் அந்த முயலைக் கையிலேயே நசுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் அழுதேன்.

வந்ததும் பின்னறையைத் திறந்தேன். மணி நாலு ஐந்து. மூட்டையைக் கட்டித் தூக்கிப் போட்டுவிடலாம், இனி மண்ணே வேண்டாம் என்ற ஆத்திரம்.

மூட்டையின் மேல் துணி ஈரமாக இருந்தது.

நேற்று மதியம் அதை நான் நனைக்கவில்லை. காய்ந்து விறைத்திருக்க வேண்டும். தொட்டால் கையில் தண்ணீர் ஒட்டியது. துணியை விலக்கினேன். ஒரு பக்கம் நான் கம்பியால் அறுத்த இடம், நேராக, வழவழவென்று இருந்தது.

இன்னொரு பக்கம் ஒரு பள்ளம். முறுக்கிப் பிய்த்த மாதிரி.

நேற்று பதற்றத்தில் நானே பிய்த்திருப்பேன் என்று சொல்லிக்கொண்டேன். வாய்விட்டே சொன்னேன். அறையில் என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

வெளியே வந்து பூட்டினேன். சாவியை உருவினேன்.

உள்ளே யாரோ இருமினார்கள்.

ஒரே ஒரு இருமல். அடக்கிக்கொண்டு, கையால் வாயைப் பொத்தி இருமுவதுபோல். வேலை செய்கிறவர்கள் பக்கத்தில் இருப்பவருக்குத் தொந்தரவு தரக்கூடாது என்று இருமுவார்களே, அப்படி.

மூன்றாம் தேதி மூன்று மணிநேரம் என் பக்கத்தில் உட்கார்ந்து அப்படித்தான் இருமினாள்.

அன்று சாப்பிடவில்லை. விளக்கையெல்லாம் போட்டுவிட்டு முன்னறையில் உட்கார்ந்தே இருந்தேன்.

இருபத்தாறாம் தேதி, புதன்கிழமை. மூன்று மணிக்கே எங்காவது போய்விடலாம் என்று செருப்பை மாட்டினேன். தெருமுனைவரை போனேன். திரும்பி வந்துவிட்டேன். ஏன் என்றால், பயம் ஒரு பக்கம் இருக்கட்டும், அவள் வந்து பூட்டிய அறையில் தனியாக உட்கார்ந்திருப்பாளோ என்று ஒரு நினைப்பு. அது பயத்தைவிடப் பெரிய வேதனையாக இருந்தது.

நாலு மணி. நாலே கால். நாலரை. ஒன்றுமில்லை.

ஐந்து நாற்பத்தெட்டுக்குக் கரண்ட் போனது.

மழை மேகம் மூடி, சீக்கிரமே இருட்டிவிட்டது. மெழுகுவத்தி பின்னறை அலமாரியில். எடுக்கப் போகவில்லை.

ஆறு இரண்டு.

கிர்ர்ர்...

முக்காலியைத் தரையில் இழுக்கும் சத்தம். ஜன்னல் பக்கமாக.

அப்புறம் தண்ணீர். குழாயைத் திறந்து... மூடி...

இருமல்.

அப்புறம் மெல்லிசாக, சளக்... சளக்... ஈர மண்ணை உள்ளங்கையில் உருட்டும் சத்தம். அந்தச் சத்தத்தை என் உயிர் இருக்கும்வரை எங்கே கேட்டாலும் கண்டுபிடிப்பேன்.

எழுந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன். பூட்டு பூட்டியபடி இருந்தது.

கதவில் காதை வைத்தேன்.

இருமல். இன்னொன்று. இந்தத் தடவை நிற்கவில்லை. நீளமாக, மூச்சு வாங்க...

உருட்டும் சத்தம் நின்றது. மறுபடி தொடங்கியது.

உடம்பு முடியாமல் வேலை செய்துகொண்டிருந்தாள்.

என்னால் கதவைத் திறக்க முடியவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். வாய் தானாகத் திறந்தது.

"சின்னவளே..."

உள்ளே எல்லாம் நின்றது.

"போதும்டி. மாத்திரையெல்லாம் வேணாம். வேலை கெடக்கட்டும்... நீ போய்ப் படு."

மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"உன்னை வரச்சொல்லியிருக்கக் கூடாதுடி நான். தப்புடி. போய்ப் படு."

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை...

டக்...

டக்...

முக்காலி நகர்ந்தது. காலடி... ஒன்று... இரண்டு... கதவுக்கு அந்தப்பக்கம் வந்து நின்றது.

கதவு திறக்கவில்லை.

ஆனால் என்னைத் தாண்டி ஏதோ போனது. சில்லென்று இல்லை. சூடாக. காய்ச்சல்காரர் பக்கத்தில் உட்கார்ந்தால் அடிக்குமே, அந்தச் சூடு. அதோடு ஈரமண் வாசனை.

ஆறு இருபத்தொன்றுக்குக் கரண்ட் வந்தது.

வியாழக்கிழமை ஒரு சத்தமும் இல்லை. நாலு மணியிலிருந்து ஏழு மணிவரை கதவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அமைதியாக இருந்தது. போய்ப் படு என்று சொன்னதும் நான், இருமலாவது கேட்காதா என்று ஏங்கியதும் நான்.

வெள்ளிக்கிழமை காலையில் உள்ளே போனேன். எப்படியும் சூளை போட்டே ஆகவேண்டும். மூன்றாம் தேதி அவள் செய்துவைத்த நரிகளும் ஆந்தைகளும் தட்டில் அப்படியே காய்ந்து கிடந்தன. அவற்றையாவது சுட்டுப் பட்டாணிக்கு ஒரு நரியைக் கொடுத்தனுப்பலாம் என்று யோசித்தேன். முயல் இல்லாவிட்டாலும் அவள் அம்மா விரல் பட்டது.

மேல்தட்டில் நரி வரிசையை எடுத்துக்கொண்டே வந்தேன். கடைசி நரிக்குப் பின்னால், சுவரை ஒட்டி, முயல் இருந்தது.

தாய் முயல். பக்கத்தில் சுருண்ட குட்டி. தாயின் ஒரு காது நீளமாக வந்து குட்டியின் முதுகை மூடியிருந்தது. காதின் நுனியைக் கழுத்துக்குக் கீழே செருகிவிட்டிருந்தாள். பட்டாணி தூக்கத்தில் போர்வையை உதைத்துவிடுவாள், சின்னவள் இப்படித்தான் செருகிவிடுவாள். எனக்கு அது தோன்றவே இல்லை. நான் செய்த இரண்டு முயலுக்கும் காது சும்மா மேலே கிடந்தது.

காய்ந்து கலகலவென்று இருந்தது. கவிழ்த்தேன். கட்டைவிரல் ரேகை. குறுக்கே சாய்கோடு. சரியான பக்கம் சாய்ந்த கோடு.

உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்ததும் என் புத்தி வேலை செய்யத் தொடங்கியது. இவள் மூன்றாம் தேதியே முயலைச் செய்து முடித்துவிட்டாள். பட்டாணிக்குத் திடீரென்று காட்டவேண்டும் என்று என்னிடமும் மறைத்து, பாக்கி என்று புளுகியிருக்கிறாள், கள்ளி. நான் மேல்தட்டுக்குக் கை நீட்டாததால் பார்க்கவில்லை. அவ்வளவுதான் விஷயம். சத்தமெல்லாம் என் மனப்பிராந்தி. தூங்காமல், சாப்பிடாமல் கிடந்தால் எதுதான் கேட்காது? இப்படி யோசித்ததும் பெரிய நிம்மதி. ராத்திரி வயிறாரச் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குச் சூளையை ஏற்றினேன். நரி, ஆந்தை, முள்ளெலி, நடுவில் முயல். மூன்று மணிக்கு அணைத்தேன். ராத்திரி முழுக்க ஆறவேண்டும்.

முப்பதாம் தேதி, ஞாயிறு, காலை ஏழு இருபதுக்குச் சூளைக் கதவைத் திறந்தேன்.

எல்லாம் செக்கச்செவேலென்று இருந்தன. நரி சிவப்பு. ஆந்தை சிவப்பு. பழைய மண் எப்போதும் தரும் அதே செங்கல் சிவப்பு.

நடுவில் முயல் மட்டும்...

வெள்ளை.

பால் மாதிரி வெள்ளை.

எவ்வளவு நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன் என்று நோட்டில் இல்லை. முயலைப் பற்றி அன்று நான் எதையும் எழுதவில்லை.

பத்து மணிக்கு முயலை ஒரு துணியில் சுற்றி எடுத்துப் போனேன். பெட்டிகள் வாசலில் அடுக்கியிருந்தன. பட்டாணி ஜன்னலடியில் உட்கார்ந்திருந்தாள், கையில் நத்தை. முயலை நீட்டினேன்.

கவிழ்த்தாள். பார்த்தாள். தன் குட்டிக் கட்டைவிரலை அந்த ரேகையின் மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். அப்படியே வெகுநேரம் இருந்தாள். அவள் அப்பா கதவோரம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பெரியம்மா, பசிக்குது" என்றாள்.

இரண்டு ரொட்டி சாப்பிட்டாள். மூன்றாவதையும் கேட்டாள். பதினொன்று பத்துக்கு வண்டி கிளம்பியது.

அதற்குப் பிறகும் நான் விடவில்லை. என் குணம் அப்படி. மண்காரர் முன்பே சின்னவளிடம் புது மண்ணில் ஒரு பிடி பார்க்கக் கொடுத்திருப்பார், அதில் செய்திருப்பாள் என்று ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். அடுத்த மாதம் பதினாலாம் தேதி அவர் வந்தபோது வாசலிலேயே மடக்கினேன்.

"இந்த வெள்ளை மண்ணுல கொஞ்சம் முன்னாடியே எங்க சின்னவகிட்ட குடுத்தீங்களா?"

"எப்படிம்மா குடுக்க முடியும்? அந்த எடத்துல ஒரு பழைய கொட்டகை நின்னுச்சு. அதை இடிச்சுட்டு மொதல் வெட்டு வெட்டினதே போன மாசம் பதினேழாம் தேதிதான். உங்களுக்குக் கொண்டாந்ததுதான் மொத லோடு."

சின்னவளை நாங்கள் மண்ணுக்குள் வைத்தது பத்தாம் தேதி. அன்று அந்த மண்ணும் பூமிக்கு அடியில்தான் இருந்தது.

அவர் மூட்டையை இறக்கிவிட்டுப் போகும்வரை நான் வாசற்படியை விட்டு எழுந்திருக்கவில்லை.

இதை எழுதக் காரணம் அதுகூட இல்லை. அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் நாலு பன்னிரண்டுக்கு, பட்டாணி போனில் பேசினாள். புதுப் பள்ளி, புதுத் தோழி, உதிர்ந்த பல் என்று ஒரே கதை. வைக்கப் போகும்போது குரலைத் தாழ்த்தினாள்.

"பெரியம்மா, அம்மாவுக்கு இப்பதான் நல்லாத் தூக்கம் வருதாம்."

"யாருடா சொன்னா?"

"அம்மாதான். முயல் பக்கத்துல படுத்துக்கிட்டு சொன்னாங்க. 'வேலை கெடக்கட்டும், நீ போய்ப் படுன்னு அக்கா சொன்னா, அதான் படுத்துட்டேன்'னாங்க."

அந்தக் கதவுக்கு முன்னால் நான் பேசியதை இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. அவள் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. நோட்டிலும் எழுதவில்லை, வெட்கமாக இருந்தது. உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.